நடப்போருக்கு வழிவிடும் நகரம்

ஆற்றங்கரையும் தெருக்களும் மீண்டும் மக்களுடையவை ஆன வரலாறு

“தேரோடும் வீதி” என்னும் சொல்லிலேயே தமிழரின் நகரமைப்பு அறிவு அடங்கியிருக்கிறது. ஆலயத்தை நடுவில் வைத்து, அதனைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகளை வகுத்து, அவ்வீதிகளில் இறைவன் எழுந்தருளவும் மக்கள் உடன் நடந்து வரவும் இடம் விட்டு ஊரை அமைத்தனர் முன்னோர். மதுரையில் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனத் தெருக்கள் மாதங்களின் பெயரைத் தாங்கி நிற்பது திருவிழாக்களின் தொடர்பால்தான். வண்டிகளுக்காக வகுத்த தெருவில் விழா நடக்கவில்லை. விழா நடப்பதற்காகவே தெரு வகுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனம் பெருகியதும் இந்த முறை தலைகீழாயிற்று. உலக நகரங்கள் பலவற்றிலும் தெருவின் நடுப்பகுதி வாகனத்திற்குச் சொந்தமாயிற்று. நடப்பவர் ஓரத்திற்குத் தள்ளப்பட்டார். ஆறுகளோ சரக்கு வழியாகவும் கழிவுக் கால்வாயாகவும் மாறின. சென்ற ஐம்பது ஆண்டுகளாக நகரங்கள் இந்தப் போக்கை மாற்ற முயன்று வருகின்றன. ஆற்றையும் தெருவையும் நடப்போருக்குத் திருப்பித் தரும் அம்முயற்சிக்குச் சிங்கப்பூர் ஒரு சிறந்த சான்று. தைப்பூச நன்னாளில் பால்குடமும் காவடியும் ஏந்தி, அருள்மிகு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு அருள்மிகு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை நகரின் நடுவே நடந்து செல்லும் மக்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று.

ஐந்தடிப் பாதை

சிங்கப்பூரில் நடப்பவரைப் பற்றிய சிந்தனை புதிதன்று. 1822ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்திற்கு வகுத்த விதிகளில் ஒன்று, தெருவோரத்து வீடு ஒவ்வொன்றின் முன்பும் கூரையிட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும் என்பது. அத்தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று இணைந்து, தெருவின் இருமருங்கும் தொடர்ச்சியான பாதையாக, எந்நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறியது. அதுவே பின்னாளில் ‘ஐந்தடிப் பாதை’ என்று பெயர் பெற்றது. மலாய் மொழியில் அதனைக் ‘காக்கி லீமா’ என்பர்.

வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டும் நாட்டில் இஃது அரிய ஏற்பாடாகும். வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை கட்டிய தமிழருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வீடு தனியாருடையது, அதன் முன்னுள்ள நிழல் ஊருடையது.

ஆயினும் அந்த ஐந்தடி யாருக்கு உரியது என்பதில் விரைவிலேயே பூசல் எழுந்தது. கடைக்காரர்கள் சரக்கு மூட்டைகளையும் மேசைகளையும் அங்கே பரப்பினர். சிறு வணிகர்கள் கடை விரித்தனர். நடப்பவர் வெயிலில் இறங்கி, மாட்டுவண்டிகளுக்கும் ரிக்ஷாக்களுக்கும் இடையே புகுந்து செல்ல வேண்டியதாயிற்று. 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நகராட்சி இத்தடைகளை அகற்ற முற்பட்டபோது கடையடைப்பும் கலவரமும் மூண்டன. நடப்போரின் உரிமையும் சிறு வணிகரின் வயிற்றுப்பாடும் ஒரே இடத்தில் மோதும்போது எவ்வளவு சிக்கல் விளையும் என்பதற்கு அக்கலவரம் ஒரு தொடக்கம் எனலாம். அந்தச் சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

ஆறு உழைத்த காலம்

சிங்கப்பூர் ஆறு நீண்டதன்று. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமே கொண்டது. எனினும் நூறாண்டுகளுக்கும் மேலாக இந்நகருக்குச் சோறிட்டது அந்தச் சிற்றாறுதான். கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டு வந்தவை தொங்காங் எனப்படும் சரக்குப் படகுகள். தொடக்க காலத்தில் அப்படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியர்கள். ஆற்றை அடுத்துள்ள சூலியா ஸ்திரீட் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்லி நிற்கிறது. பின்னர் அத்தொழில் சீனப் படகோட்டிகளின் கைக்கு மாறியது.

அருகிலிருந்த மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் அமைத்து வட்டித் தொழில் நடத்தினர். அவர்கள் 1859ஆம் ஆண்டில் எழுப்பிய ஆலயமே டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம். தைப்பூசத்திற்கு முந்திய நாளில் வெள்ளி ரதத்தில் எழுந்தருளும் முருகப் பெருமான், கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் ஆலயத்திற்குச் செல்லும் வழியில் இவ்வாற்றைக் கடந்தாக வேண்டும். ஆற்றின் வணிகமும் ஆலயத்தின் விழாவும் அக்காலத்தில் ஒரே மக்களின் இரு கைகளாக இருந்தன.

ஆனால் உழைத்த ஆறு நலிந்தது. படகுகளின் எண்ணெய்க் கழிவு, கரையோரச் சிறு தொழில்களின் குப்பை, தெருவோர உணவுக் கடைகளின் மிச்சம், கழிவுநீர் வசதியற்ற குடியிருப்புகளின் அழுக்கு ஆகிய அனைத்தும் ஆற்றில் சேர்ந்தன. நீர் கறுத்தது. துர்நாற்றம் தாங்காமல் மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலங்களைக் கடந்தனர்.

பத்தாண்டுத் தவணை

1977ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஓர் அறைகூவல் விடுத்தார். பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கக்கூடிய நிலை வரவேண்டும் என்பதே அது.

ஆற்றைத் தூய்மை செய்வது ஆற்றில் மட்டும் செய்யும் வேலையன்று என்பதை அப்பணி உணர்த்தியது. கழிவு தோன்றும் இடத்திலேயே அதனைத் தடுத்தாக வேண்டியிருந்தது. காலாங் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர உணவுக் கடைக்காரர்களுக்கு உணவங்காடி நிலையங்களில் இடம் தரப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 1983ஆம் ஆண்டில் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. பின்னர் ஆற்றின் அடியில் படிந்திருந்த சேறு வாரப்பட்டது. மறுகுடியேற்ற இழப்பீடு நீங்கலாகவே ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவாயிற்று. 1987ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றது; மீன்களும் திரும்பின.

நீர் தூய்மையான பிறகே கரைக்கு மதிப்பு வந்தது. இவ்வரிசை முறை கவனிக்கத்தக்கது. நாறும் ஆற்றின் கரையில் பளிங்கு பதித்தாலும் எவரும் அங்கு நடக்க வரமாட்டார்.

கரை நெடுகிலும் ஒரு நடை

நகர மறுசீரமைப்பு ஆணையம் ஆற்றின் இரு கரைகளிலும் நடைபாதை அமைக்கும் பணியை மேற்கொண்டது. 1989ஆம் ஆண்டில் போட் கீயின் பழைய கடைவீடுகள், லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய பகுதிகளுடன் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டன. பழைய கிடங்குகள் நிறைந்த கிளார்க் கீ 1993ஆம் ஆண்டில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது.

கரையோர நடைபாதை பயன்தர வேண்டுமானால் அது இடையில் அறுபடலாகாது. பாலம் வரும் இடமெல்லாம் மேலேறி, வாகன நெரிசலைக் கடந்து, மறுபடி கீழிறங்க வேண்டுமானால் முதியவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். ஆகவேதான் கோல்மன் பாலம் போன்ற இடங்களில் பாலத்தின் அடியிலேயே பாதை அமைக்கப்பட்டுள்ளது. நடப்பவர்க்கென்றே சில பாலங்களும் எழுந்தன. அவற்றுள் 1997ஆம் ஆண்டில் அமைந்த அல்காஃப் பாலம் பழைய தொங்காங் படகின் வடிவத்தை நினைவூட்டுவது.

இவற்றிற்கெல்லாம் மூத்தது ஆற்றின் முகத்துவாரத்தருகே உள்ள கவனா பாலம். 1869ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலம், 1910ஆம் ஆண்டில் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டதும் நடப்போருக்கே உரியதாயிற்று. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் அதன் மீது செல்லலாகாது என்னும் பழைய அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே உள்ளது. பழைய பாலத்தை இடித்துவிடாமல் நடப்பவருக்கு விட்டுக்கொடுத்த அந்த முடிவின் பயனை நூறாண்டு கடந்தும் மக்கள் நுகர்ந்து வருகின்றனர்.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் மரினா அணைக்கட்டு 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உப்புநீர் ஏறி இறங்கிய ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று. 2010ஆம் ஆண்டில் மரினா விரிகுடாவைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீள நடைபாதை முழுமை பெற்றது. கப்பல் சரக்கு வந்த வழி, மக்கள் மாலையில் உலவும் வழியாயிற்று.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் கீழ், குடியிருப்புப் பேட்டைகளிலும் கால்வாய்கள் உருமாறின. பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய், 2012ஆம் ஆண்டில் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து நெளிந்து ஓடும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. வேலியிட்டுத் தள்ளி வைத்திருந்த நீரை இன்று பிள்ளைகள் கரையிறங்கித் தொடுகின்றனர்.

அண்டை நாட்டில்

கோலாலம்பூரிலும் இதே எண்ணம் ‘வாழ்வின் நதி’ என்னும் திட்டமாக உருவெடுத்தது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் பிறந்தது அந்நகரம். 1909ஆம் ஆண்டில் எழுந்த ஜாமெக் பள்ளிவாசல் அந்தக் கூடலில்தான் நிற்கிறது. 110 கிலோமீட்டர் நீளத்திற்கு நீரைத் தூய்மை செய்வதும், நகரின் நடுவே 10.7 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரைகளை அழகுபடுத்துவதும் அத்திட்டத்தின் நோக்கங்கள். கரையழகுக்கு 10 கிலோமீட்டர் என்றால் நீர்த் தூய்மைக்கு அதனைப் போல் பத்து மடங்கு தொலைவு உழைத்தாக வேண்டும் என்பதை அவ்விரண்டு எண்களே எடுத்துரைக்கின்றன.

பெற்றதும் இழந்ததும்

பெற்றவை பல என்றாலும் இழந்தவற்றையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். ஆறு தூய்மையானபோது ஆற்றோடு வாழ்ந்தவர்கள் ஆற்றை விட்டு அகன்றனர். மூட்டை சுமந்தவர்களும் படகோட்டிகளும் இன்று கரையோரத்து வெண்கலச் சிலைகளாக நிற்கின்றனர். கிட்டங்கிகள் இருந்த இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்துள்ளன. கிடங்குகள் உணவகங்களாயின. உணவகங்களின் மேசைகள் கரையோரத்திற்கே வந்தபோது, நடப்பவர் நாற்காலிகளுக்கிடையே புகுந்து செல்லும் நிலை சில இடங்களில் ஏற்பட்டது. 1888ஆம் ஆண்டில் தாழ்வாரத்தில் எழுந்த அதே கேள்வி, வேறு உடையில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

பொது இடம் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கையில் காசில்லாத முதியவர் ஒருவர் எதையும் வாங்காமல், எவரும் எழுப்பிவிடாமல், நிழலில் அரை மணி நேரம் உட்கார முடியுமா? முடியும் என்றால் அது பொது இடம். முடியாது என்றால் எவ்வளவு அழகாயிருந்தாலும் அது கடையின் முற்றமே. கோயில் பிரகாரம் இச்சோதனையில் எந்நாளும் தேறி வந்திருக்கிறது. நகரத்தின் கரைகளும் சதுக்கங்களும் அதே சோதனையில் தேற வேண்டும்.

தெரு திரும்பிய இடங்கள்

தேறிய தெருக்கள் இல்லாமற் போகவில்லை. வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் குவான் இம் ஆலயமும் அருகருகே அமைந்துள்ளன. வாகனப் போக்குவரத்து இல்லாத நடைவீதியாக அப்பகுதி மாற்றப்பட்டுள்ளது. குவான் இம் ஆலயத்தில் வணங்கிய சீனப் பக்தர்கள் சில அடிகள் நடந்து வந்து கண்ணன் சந்நிதியிலும் ஊதுவத்தி ஏற்றுவது அங்கே அன்றாடக் காட்சி. நடுவே பூ விற்பவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவ்விரு ஆலயங்களுக்கும் முன்னே வாகனங்கள் இடைவிடாது விரைந்துகொண்டிருந்தால் அந்த நெருக்கம் இவ்வளவு இயல்பாக நிலைத்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

அருகிலுள்ள பென்கூலன் ஸ்திரீட்டில் நான்கு தடங்களாக இருந்த சாலை, நிலத்தடி ரயில் பணி முடிந்து 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது இரண்டு தடங்களாகச் சுருங்கியது. மீந்த இடம் அகன்ற நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் ஆயிற்று. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் இன்று நடப்போரின் வீதி. இந்திய மரபுடைமை நிலையம் 2015ஆம் ஆண்டில் அதன் முனையில் திறக்கப்பட்டது. மாலை கட்டுவோரும் மளிகைக் கடைக்காரரும் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர் என்பதே அத்தெருவின் உயிர். தெருவை நடப்பவருக்குத் தந்துவிட்டு அங்கிருந்த வணிகரை வாடகை உயர்வால் வெளியேற்றிவிட்டால், நடப்பதற்குத் தெரு இருக்கும். நடந்து போய்ச் சேர ஓர் இடம் இராது.

மெல்ல நடப்பவரே அளவுகோல்

ஒரு தெரு நல்ல தெருவா என்பதை விரைந்து நடக்கும் இளைஞரைக் கொண்டு அளக்கலாகாது. பேரப் பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கும் பாட்டியும், சக்கர நாற்காலியில் வருபவரும், தலையில் பால்குடம் ஏந்திய தாயுமே அதற்குரிய அளவுகோல்.

இவ்வுண்மையை உணர்ந்து சில நல்ல ஏற்பாடுகள் வந்துள்ளன. 2009ஆம் ஆண்டில் நிலப் போக்குவரத்து ஆணையம் ‘பச்சை மனிதன் பிளஸ்’ முறையைக் கொண்டு வந்தது. முதியோர் தங்கள் சலுகை அட்டையைச் சாலை விளக்குக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடிகள் கூடுதலாகப் பச்சை விளக்கு எரியும். 2014ஆம் ஆண்டு முதல் முதியோர் மிகுந்த வட்டாரங்களில் ‘சில்வர் ஸோன்’ அமைக்கப்பட்டு, வாகன வேகம் குறைக்கப்பட்டு வருகிறது. சாலையின் நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் அங்கே உண்டு.

வேகத்தைக் குறைப்பதன் பயன் பெரிது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், 30 கிலோமீட்டரில் வரும் காரைக் காட்டிலும் நான்கு மடங்கு ஆற்றலுடன் மோதும். ஓட்டுநருக்கு மிச்சமாவது சில விநாடிகள். நடப்பவர் இழப்பதோ உயிராக இருக்கலாம்.

நிழலும் அவ்வாறே இன்றியமையாதது. வெப்பமண்டல நகரத்தில் நிழலற்ற நடைபாதை, படிக்கட்டில்லாத குளத்திற்கு ஒப்பானது, இருந்தும் பயனில்லை. 1960களில் தொடங்கிய மரநடுகையின் பயனாகச் சாலையோரத்து மழைமரங்கள் குடை விரித்து நிற்கின்றன. பெருவிரைவு ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவிற்குள் கூரையிட்ட நடைபாதை அமைக்கும் திட்டத்தின் கீழ், 2018ஆம் ஆண்டிற்குள் 200 கிலோமீட்டர் நீளக் கூரைப் பாதைகள் அமைந்தன. ராஃபிள்ஸ் காலத்து ஐந்தடிப் பாதையின் வழித்தோன்றலே இஃது.

திருவிழா கற்பிக்கும் பாடம்

சிராங்கூன் சாலை, சிலிகி சாலை, கிளமென்சோ அவென்யூ வழியே செல்லும் தைப்பூச ஊர்வலப் பாதையைக் கூர்ந்து நோக்கினால் நகரமைப்பின் பாடங்கள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கக் காணலாம். சாலையின் ஒரு பகுதி வாகனங்களிடமிருந்து மீட்கப்படுகிறது. தடுப்புகள் பாதுகாப்புத் தருகின்றன. வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. தொண்டூழியர்கள் தடுமாறுவோரைத் தாங்குகின்றனர். வேகத்தை நிர்ணயிப்பது எடை மிகுந்த காவடியைச் சுமப்பவரின் கால்கள். பின்வருவோர் அனைவரும் அக்கால்களுக்கு அடங்கி நடக்கின்றனர்.

அவ்வழியிலுள்ள டோபி காட் என்னும் பெயரும் சிந்தனைக்குரியது. இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடை நீரில் துணி வெளுத்த இடம் அது. அந்த ஓடை இன்று சாலையின் அடியில் மறைந்து ஓடுகிறது. மக்கள் அன்றாடம் கூடிய நீர்க்கரை ஒன்று பெயரளவில் மட்டும் எஞ்சியிருப்பதை அது நினைவூட்டுகிறது.

பொது இடத்தைக் கேட்டுப் பெறுவோருக்குப் பொறுப்பும் உண்டு. ஊர்வலப் பாதையில் வீசப்படும் குவளைகளும் உணவுப் பொட்டலங்களும் மழை பெய்தால் வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து நீர்த்தேக்கத்திற்கும் சென்று சேரும். பத்தாண்டு உழைத்துத் தூய்மை செய்த நீர், குடிநீராக வீட்டுக் குழாய்க்குத் திரும்பி வரும் நீர் அது. குப்பையைக் கையோடு எடுத்துச் செல்வதும், சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையை மறித்து நில்லாமல் இருப்பதும், ஊர்வலம் முடிந்த பின் தெருவை முன்னிருந்ததைவிடத் தூய்மையாக விட்டுச் செல்வதும் வழிபாட்டிற்குப் புறம்பானவை அல்ல.

விழா நாளில் மட்டும் நடப்போருக்கு வழிவிடும் நகரம் விருந்தினரை மதிக்கும் நகரம். எல்லா நாளும் வழிவிடும் நகரமே தன் மக்களை மதிக்கும் நகரம். ஆற்றங்கரையில் தொடங்கிய அம்மாற்றம் ஒவ்வொரு பேட்டையின் தெருவிற்கும், ஒவ்வோர் ஆலய வாசலுக்கும் வந்து சேர வேண்டும். மிக மெல்ல நடப்பவரும் அச்சமின்றி அவ்வாசலை வந்தடையும் நாளில்தான் அப்பணி நிறைவுறும்.